இரண்டு நாள் தாமதம்

"ரெண்டு நாளாத் தண்ணி போகுது, இப்பதான் கூட்டிக்கொண்டு வாறீங்களா?"

தாதி சாருமதி போட்ட சத்தத்தில் சிலாபம் ஆஸ்பத்திரியின் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் கிடந்த நஸ்ஹாவுக்கு இருபத்திரண்டு வயது. தலைப்பிள்ளை, முப்பத்தொரு வாரம். அதற்குள் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. எத்தாளையிலிருந்து அவளைக் கூட்டி வந்த மாமியார் கமறியா பக்கத்தில் கைப்பையும் தானுமாக நின்றார்.

அதற்குச் சற்று முன், எப்போது தொடங்கியது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டதைச் சாருமதிதான் தமிழில் கேட்டாள். நஸ்ஹா வாயைத் திறக்கவில்லை. மாமியார்தான் பதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, மிஸ். மூத்திரம்தான் கசியுது, படுத்தாச் சரியாகிரும் எண்டு நான்தான் வீட்டில வெச்சிட்டன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டொக்டர் ஒரேயொரு வசனம் ஏசினார். சாருமதி அதைத் தமிழாக்கும்போது சொந்தமாக நாலு வசனம் சேர்த்துக்கொண்டாள். உடப்பு ஊர்க்காரியின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா!

"குடம் உடைஞ்சா கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி, உம்மா. உங்கட கதைய நம்பியிருந்தா ரெண்டு உயிர் போயிருக்கும், தெரியுமா?"

"ஓம் மிஸ், பிழைதான்" என்றார் கமறியா, தலையைக் குனிந்துகொண்டு.

இரண்டு நாள் என்று தெரிந்ததும் டொக்டர் தாமதிக்கவில்லை. அந்த நிமிடமே கிருமிக்கு மருந்து ஏற்றச் சொன்னார். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசியும் போட்டார்கள். இன்னும் மூன்று வாரமாவது பிள்ளை உள்ளே இருந்தால் நல்லது. ஆனால் கிருமி தொற்றினால் காத்திருக்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்கக் காய்ச்சல் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள், தண்ணீரின் நிறமும் மணமும் பார்ப்பார்கள். ஒன்றைவிட்டு ஒருநாள் இரத்தமும் எடுப்பார்கள். அதில் சி.ஆர்.பி. என்று ஓர் எண் வரும். உடம்புக்குள் அழற்சி தொடங்கினால் அந்த எண் ஏறும்.

கமறியாவுக்கு மற்றதெல்லாம் விளங்கியதோ இல்லையோ, அந்த எண்ணை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிலாபத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பார்வையாளர் நேரத்துக்குக் கஞ்சியோடு வந்து, முதல் வேலையாகச் சாருமதியைத் தேடுவார்.

"இண்டைக்கு எத்தினை, மிஸ்?"

"அஞ்சு."

"அல்ஹம்துலில்லாஹ்."

"இந்த அக்கறை வெள்ளிக்கிழமை எங்க போச்சுது உம்மா?"

கமறியாவிடம் அதற்கும் ஒரு சிரிப்புத்தான். பக்கத்துக் கட்டில் றோசா தன் பங்குக்கு, "இப்பிடி ஒரு மாமி இருந்தா வேற எதிரி எதுக்கு?" என்பாள். அந்த றோசாவுக்கும் ஒரு கோப்பை கஞ்சி ஊற்றிக் கொடுப்பார் கமறியா. நஸ்ஹாவோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பாவம், மாமியாருக்குப் பயந்த பிள்ளை என்று சாருமதிக்கு அவள்மேல் இரக்கம் வரும்.

பத்தாம் நாள் எண் பதினாலுக்கு ஏறிவிட்டது.

"நாளைக்குத் திரும்ப எடுப்பம். இன்னும் கூடினா புள்ளைய எடுக்கிறதுதான்" என்றாள் சாருமதி. "கேட்டிட்டீங்கதானே?"

கமறியா நேரே வெளியே போனார். வாசல் வாங்கில் உட்கார்ந்தவர், நேரம் முடிந்து காவலாளி வந்து எழுப்பும்வரை அசையவில்லை.

மறுநாள் எண் எட்டு. அதைச் சொல்லச் சாருமதியே வாசலுக்கு ஓடினாள். அதற்காக ஏச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு எண் ஏறவேயில்லை. முப்பத்துநாலாவது வாரம் பெண்குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நூறு கிராம். அது வீறிட்டு அழுத சத்தத்தில் சாருமதிக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நாள். மகன் அஃப்ராஸ் நுரைச்சோலையிலிருந்து வேன் கொண்டு வந்திருக்கிறானா என்று பார்க்கக் கமறியா வெளியே போயிருந்தார். கார்டை நிரப்பிக்கொண்டிருந்த சாருமதி குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி, ஒண்டு சொல்றன். அடுத்த முறை ஒரு சொட்டுத் தண்ணி கசிஞ்சாலும் மாமிட பேச்சைக் கேட்டு வீட்டில இருந்திடாதீங்க. நேரா இங்க வாங்க."

நஸ்ஹா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமிக்கு ஒண்டுமே தெரியாது, மிஸ்."

"என்ன தெரியாது?"

"சனிக்கிழமை என்ட தங்கச்சிட கலியாணம். சொன்னா ஆஸ்பத்திரியில போட்டிருவாங்க எண்டு நான்தான் மறைச்சன். துணி வெச்சுக்கொண்டு கலியாணத்துக்கும் போனன். ஞாயித்துக்கிழமை விடிய, கிணத்தடியில கிடந்த துணியளப் பாத்துத்தான் மாமி கண்டுபிடிச்சா. உடனே வேன் பிடிச்சா."

சாருமதியின் பேனை நின்றுவிட்டது.

"அப்ப டொக்டரிட்ட ஏன் தன்ட பிழை எண்டு சொன்னா?"

"'டொக்டர் ஏசுவார், இண்டைக்கு விடியத்தான் தொடங்கின எண்டு சொல்லுவம் மாமி' எண்டு வேனுக்குள்ள நான் அழுதன்." நஸ்ஹா குழந்தையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். "'நேரத்த மாத்தினா புள்ளைக்குச் செய்யிற வைத்தியம் பிழைச்சிரும், மகள். நீ நேரத்த மாத்தாத, ஆள மட்டும் நான் மாத்திச் சொல்றன்' எண்டா."