முகமூடிக்காரன் யார்?

"கத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. வாயைத் திறங்க" என்றது முகமூடி போட்ட அந்த உருவம். கையில் ஊசி மின்னியது.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷன், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்து இரண்டு தடவை இதே நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறார். கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. இந்தத் தடவை தப்ப வழியில்லாமல் மனைவி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மடியில் ஒரே ஒரு ஆறுதல். வரும் வழியில் வாங்கிய 'சாம்பல் துறைமுகம்' காமிக்ஸ், மூன்றாவது, கடைசிப் பாகம். முகமூடிக்காரன் யார் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷமாகக் காத்துக் கிடக்கிறார்.

"அட, நீங்களும் நம்ம கட்சியா சார்!" ஊசியைப் போட்டு முடித்த பல் டாக்டரம்மா அலமாரியைக் காட்டினார். அங்கேயும் அதே மூன்றாம் பாகம், பிளாஸ்டிக் உறை கசங்காமல் பளபளத்தது. படிக்க ஒன்று, பத்திரப்படுத்த ஒன்று என்று இரண்டாக வாங்குகிற ரகம் போலிருக்கிறது. மெக்கானிக்கும் அப்படித்தான்.

வாய் மரத்தது. டாக்டரம்மா இடுக்கியை எடுத்தார். கூடவே பேச்சையும்.

"முதல் பாகம் பிரமாதம். ரெண்டாவதுல கலரை அப்பித் தள்ளிட்டாங்க. மழை சீன் பூரா ஒரே இருட்டு, கண்றாவி."

அந்த இருட்டில்தானே சூட்சுமமே இருக்கிறது! "ங்ஆ... ஆ..." என்றார் மெக்கானிக்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப சரி. மூணாவதுல எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். ஆனா அந்த முடிவு இருக்கே, அடேயப்பா! முகமூடிக்காரன் யாருன்னா..."

மெக்கானிக் நாற்காலியில் துள்ளி நிமிர்ந்தார். கையை வீசித் தடுக்கப் பார்த்தார். "அசையாதீங்கண்ணே" என்று நர்ஸ் அமுக்கிப் பிடித்தாள்.

"...நம்ம கலங்கரை விளக்குத் தாத்தாதான்!"

தாத்தாவா? முதல் பாகத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கதாநாயகனைக் கடலிலிருந்து தூக்கினாரே, அவரா? பாவி, இரண்டு வருஷக் காத்திருப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளே! நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் வாயில் பஞ்சு, இடுக்கி, போதாததற்கு டாக்டரம்மாவின் இரண்டு விரல். வாயை 'ஆ'வென்று திறந்து வைத்துக்கொண்டு வாயில்லாப் பூச்சியாகக் கிடந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது.

'டங்' என்று தட்டில் ஏதோ விழுந்தது.

"பல்லு வந்தாச்சு சார். வலிச்சுதா?"

அப்போதுதான் அவருக்குப் பல் ஞாபகமே வந்தது. இரண்டு தையல் போட்டு விட்டதும், பஞ்சைக் கடித்துக்கொண்டு, "முழிவை... ஏங் சொங்ஙீங்க டாக்கர்?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நான் இன்னும் உறையையே பிரிக்கல சார். தையல் பிரிக்க வர்றப்ப நீங்க முடிவைச் சொல்லிடாதீங்க!"