புகைக்கூண்டின் உயரம்

அமாவாசையாதலால் பிள்ளையார்பாளையத்து வீட்டில் இன்று தறி ஓய்ந்திருக்கிறது. கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் வெயிலில் உட்கார்ந்து, மதராஸில் வாங்கிய தகர ரயில் இஞ்சினை நிஜ இஞ்சின் மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறான் வீரபாகு. பொம்மையின் சிவப்பையும் மஞ்சளையும் சுரண்டிவிட்டுக் கறுப்பு பூசியாகிவிட்டது. இப்போது அதன் பக்கவாட்டில், கைப்பிடிக் கம்பியாக ஒரு சரிகை இழையை இழுத்து ஒட்டுகிறான். சமையற்கட்டு வாசலில் அவன் மனைவி செங்கமலம் நிற்கிறாள். வாலாஜாபாத் ரயில்வே கேட்காரரின் மகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து, கேட்டதற்குத் தலையாட்டுவாளே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்தில் வண்டி கூவும்போது மட்டும் கைவேலையை மறந்து நின்றுவிடுவாள். அதைப் பார்த்துத்தான் இந்த இஞ்சினையே வாங்கினான், சொல்லத்தான் கூச்சம். "புகைக்கூண்டு அவ்ளோ உசரம் இருக்காதுங்க," என்கிறாள் அவள். சரிகை இழை அவன் விரலிலிருந்து நழுவுகிறது. "எவ்ளோ இருக்கும்? நீயே காட்டும்மா." அவள் பக்கத்தில் வந்து குந்தி, புகைக்கூண்டின் பாதியில் நகத்தை வைக்கிறாள். ஈரக்கையில் மஞ்சள் மணக்கிறது. "இம்மாந்தான். எங்கப்பா கொடி புடிச்சிக்கினு நிக்கும்போது நான் தெனம் பாத்துக்கினு இருப்பேனே." நகம் இருந்த இடத்தில் அவன் அரத்தை வைக்கிறான். "அப்புறம்?" என்கிறான். அவள் சொல்லத் தொடங்குகிறாள். மெல்லிய தகரம், நாலு இழுப்பில் துண்டாகிவிடும். அவன் மெதுவாக, மிக மெதுவாக ராவுகிறான்.