மச்சினன் மேல் அக்கறை

"அவர் பேச்சைக் காதுலயே போட்டுக்காத மச்சான். சம்பளம் வாங்கற கையாலயே கம்பெனியைத் திட்டி மெசேஜ் போடறவர் அவர்."

அத்தான் சொன்னதைக் கேட்டு எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் கோபம்கூட வரவில்லை. கிடங்கில் எல்லோரும் அவரைப் 'புலம்பல்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தப் பெயரை அவர் ஒரு நாளும் பொய்யாக்கியதில்லை போலிருந்தது.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கையுறை முதல் படுக்கை விரிப்பு வரை சப்ளை செய்கிற பெரிய கம்பெனி அது. அதன் கேன்டீனில், காலை இடைவேளையில், மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வேலைக்குச் சேர்த்துவிட அத்தான் கூட்டி வந்திருந்த மச்சினனால் மட்டும் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. அவன் வேலை பார்க்கும் பெயிண்ட் கடை முதலாளி புதுக் கிளை திறக்கிறார். "பொறுப்பை நீ எடுத்துக்கறியா? மத்தியானத்துக்குள்ள சொல்லு. இல்லைன்னா வேற ஆளைக் கூப்பிடணும்" என்று சொல்லியிருந்தார். சின்னக் கடைதான். ஆனால் முதலாளி தங்கமான மனுஷன்.

"தம்பி, இதைப் பாருங்க." புலம்பல் தன் மணிக்கட்டைக் காட்டினார். பட்டை மாதிரி ஒரு கருவி. "ரெண்டு நிமிஷம் சும்மா நின்னா போதும், கீச்சுன்னு கத்தும்."

"உடம்புக்கு நல்லதுதானே?" என்றார் அத்தான். "எனக்குத் தொப்பை இருந்த இடமே தெரியல. உங்கக்காவைக் கேளு, எவ்வளவு சந்தோஷப்படறான்னு."

"லீவு வேணும்னா மனுஷன்கிட்ட கேக்க முடியாது. கம்ப்யூட்டர்தான் இல்லைன்னு சொல்லும்."

"யார் கால்லயும் விழ வேண்டாம் பாரு!"

"இங்க யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். வேலைக்குச் சேர்ந்த மறுநாள்லேர்ந்து நான் நாலு ஏழு ஒண்ணு."

"நம்ம பேர் கெட்டுப்போகவே வழியில்லை!"

மச்சினன் சிரித்துவிட்டான். புலம்பலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவி கத்தியதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

அன்று மதியம்தான் ஷிஃப்ட் என்பதால் அத்தான் நிதானமாக நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். "இங்க பாரு, நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா? பெயிண்ட் கடை என்னைக்கு மூடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? இங்க மூணு வருஷ ஒப்பந்தம். மூணு வருஷத்துக்கு உன்னை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. நான் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது, என்னைப் பாரு."

பார்த்தான். ஒரு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த அக்கறைக்கு முன்னால் அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. காலையில் வீட்டுக்கே வந்து, அவனுடைய சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தவர். இப்படி ஒருவர் அக்காவுக்கு வாய்த்தாரே என்று அவனுக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

போனை எடுத்தான். "முதலாளி... என்னை மன்னிச்சுடுங்க. எனக்குப் பெரிய இடத்துல வேலை கிடைச்சிருக்கு."

மறுமுனையில் முதலாளி கோபப்படவில்லை. "அப்படியா? சரிப்பா, நல்லா இரு. நான் அந்த இன்னொரு பையனையே வரச் சொல்லிடறேன்."

அத்தான் அவன் முதுகில் தட்டிக் கொடுத்து, ஆபீஸ் வாசல் வரை கூடவே வந்தார். உள்ளே இருந்த பெண்மணி சிரித்த முகமாகக் காட்டிய இடங்களில் எல்லாம் அவன் கையெழுத்துப் போட்டான். கையில் ஒரு கருவியையும் மாட்டிவிட்டார்கள்.

வெளியே வந்தால் அத்தானைக் காணோம். புலம்பல்தான் தள்ளுவண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பெனியைப் பேச்சுக்குப் பேச்சு குறை சொன்னவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"ஏண்ணே, இவ்வளவு கரிச்சுக் கொட்டறீங்களே, நீங்க ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்க? விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

புலம்பல் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி போகணும்னா, பதிலுக்கு ஒரு ஆளைக் கொடுத்தாத்தான் விடுவாங்க தம்பி. உங்க அத்தான் இப்பதான் யூனிஃபார்மைக் கழட்டிக் கொடுத்துட்டு, துள்ளிக் குதிச்சுக்கிட்டுப் போனார்" என்று பெருமூச்சு விட்டார் அவர். "நான் எங்க போறது? எனக்கு மச்சினனே இல்லையே!"