துருவேறாத கம்பி

பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை வாங்கிச் சேர்க்கும் ஸ்டீபன் என்பவன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். என் மகன் அருள்குமாரின் பேஸ் கிட்டாரை விற்க நான்தான் வரச் சொன்னேன். எட்டு வருசத்துக்கு முன் தொப்பூர் கணவாயில் கச்சேரி வேன் கவிழ்ந்து மகன் போனான். பேஸ் மட்டும் கீறல் இல்லாமல் வீடு வந்தது. என் மனைவி காவேரி அந்தப் பெட்டியைத் திறக்கவும் பயந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுவாள். அது தொலைந்தால் இவளாவது பிழைப்பாள் என்று நினைத்தேன்.

ஸ்டீபன் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியால் கம்பிகளைத் துடைத்தான். துணி கறுத்து ஈரமானது.

"யாருங்க வாசிக்கிறது?"

"யாருமில்ல. எட்டு வருசமா தொடல."

"சும்மா கெடந்தா கம்பி துருவேறுமுங்க ஐயா. இது வேர்வை. தெனமும் வாசிக்கிற கை."

விலையைக் குறைக்கிற தந்திரம் என்று பட்டது.

"வேர்வையாம் வேர்வை! வேணும்னா எடு, இல்லாட்டி கெளம்பு."

அவன் கோபப்படவில்லை. "மூணாவது கம்பி தேஞ்சிருக்கு பாருங்க. இப்பிடியே வாசிச்சா பத்து நாள்ல அறுந்துடும்."

பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த காவேரி அழுகையை நிறுத்தினாள். "புதுக் கம்பி வெச்சிருக்கீங்களா தம்பி?"

"பையில இருக்குதுங்கம்மா."

"மாட்டிக் குடுங்க. இது விக்கறதுக்கில்ல."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டீபன், "கிட்டாரோட கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்கய்யா" என்றான்.

பிடித்தேன். ஒரு கை அளவுக்கு மட்டும் மரம் சூடாக இருந்தது. அவன் நாலு கம்பியையும் மாட்டி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.