திருமதி போதாது

"போதாது. மறுபடி பண்ணு."

மேடம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த லேபில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'திருமதி போதாது'தான்.

மாணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் அழுதேவிட்டாள்.

பின்னே என்ன? முதல் தடவை காட்டியபோது, "கோடு தடிமனா இருக்கே" என்றார். அடுத்த தடவை, "மெலிசா இருக்கே" என்றார். இன்றைக்குக் கோடு தடிமனும் இல்லை, மெலிசும் இல்லை. "என்னமோ திருப்தியா இல்லை" என்கிறார். ஒருத்தி என்னதான் செய்வாள்?

கோடு என்றால் சும்மா கோடு இல்லை. ஆளையே சாய்க்கிற ஒரு கிருமி. அதன் மேல்சுவரில் ஒரு புரதம். அந்தப் புரதத்தைத் துளியூண்டு எடுத்து முயலுக்கு ஊசி போட்டால், அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி முயலின் ரத்தத்தில் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்துச் சோதித்தால், சோதனைப் படத்தில், கிருமி இருக்கிற சாம்பிளுக்கு மட்டும் கறுப்பாய் ஒரே ஒரு கோடு விழ வேண்டும். விழுந்தது. பளிச்சென்று விழுந்தது!

மேடம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆய்வேட்டை ஒப்படைத்துவிடலாம். ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கென்று ஒரு வேலை காத்திருந்தது. இந்த மாதம் தாண்டினால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே முயல் அறைக்குப் போனாள். மனசு சரியில்லை என்றால் அவள் போகிற இடம் அதுதான். இரண்டு காலிக் கூண்டுகளுக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது அவளுடைய முயல். வேளாவேளைக்குச் சாப்பாடு, துரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை, ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அதனால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

"என்னம்மா, மேடம் சரின்னுட்டாங்களா?" முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பதறிக்கொண்டு கேட்டார்.

"எங்கே? போதாதாம்."

"அப்பாடா!"

"என்னண்ணே அப்பாடா? என் பொழப்பு சிரிப்பா சிரிக்குது, உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?"

"சேச்சே, அப்படி இல்லம்மா. அவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு..." அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

"ஒரு காரணமும் கிடையாது. பொறாமை! அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்லை. என்ன மாப்பிள்ளை, நான் சொல்றது சரிதானே?"

கேரட் துண்டை நீட்டினாள். மாப்பிள்ளை கேரட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒருநாள் காலையில் அவளுக்குப் பொறுமை சுத்தமாக விட்டுப்போயிற்று. கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போய், படத்தை மேஜை மேல் வைத்தாள்.

"என்ன குறைன்னு இன்னைக்குச் சொல்லியே ஆகணும் மேடம். இல்லேன்னா டைரக்டர்கிட்ட போறேன்."

மேடம் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"ஆமா... சொல்லுங்க... நிஜமாவா? ரொம்ப ரொம்ப நன்றிங்க!"

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சிரித்தார்! அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது.

"உன் ஆன்டிபாடி பிரமாதம். ஆய்வேட்டைக் கொடுத்துடு. ஆஸ்பத்திரியிலயும் பேசிட்டேன், நீ அடுத்த மாசம் சேர்ந்தா போதுமாம்."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த நொடியே ஆத்திரமும் வந்தது.

"மேடம், இது முதல் தடவை காட்டின அதே படம்! வேணும்னேதான் கொண்டு வந்தேன்."

"தெரியுது. அன்னைக்கே பிரமாதமாத்தான் இருந்துச்சு."

"அப்போ எதுக்கு என்னை இப்படி அழ வெச்சீங்க?"

"என்னோட வா."

முயல் அறையில் அண்ணன் மாப்பிள்ளையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல்லு, கண்ணெல்லாம் தண்ணி.

"எனக்கும் போன் வந்துச்சு மேடம். வீட்டுக்காரி பால்கனியையே ஒழிச்சு வெச்சுட்டா."

"எங்கேண்ணே கொண்டு போறீங்க?" என்றாள் மாணவி.

"என் வீட்டுக்குத்தாம்மா. பய தப்பிச்சுட்டான்."

"தப்பிச்சானா? எதுலேர்ந்து?"

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அவசரக்குடுக்கை! ஆன்டிபாடி நல்லா வந்துடுச்சுன்னு நான் சொல்லிட்டா, முயலை என்ன பண்ணணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. விதி தெரியாதவளா அவள்? வேலை முடிந்த முயலை மயக்கப்படுத்தி, கடைசிச் சொட்டு வரை ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். பக்கத்துக் கூண்டுகள் காலியானது அப்படித்தான். தினமும் கேரட் ஊட்டியவள், பட்டம், வேலை என்கிற பரபரப்பில் அதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்..."

"உன் வாயில எது தங்கும்? ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பே." மேடம் கூடைக்குள் கைவிட்டுக் காதை நீவினார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை. பழகிய கை போலிருக்கிறது.

"எடுத்த ரத்தமே தாராளம், இவனை உயிரோட விட்டுடுங்கன்னு, சோதனை மிருகங்களுக்கான கமிட்டிகிட்ட நடையா நடந்தேன். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும், 'போதாது'ங்கிறதைத் தவிர எனக்கு வேற வார்த்தை கிடைக்கலைம்மா."