ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை

ரவுண்டபவுட் சந்தி வந்ததும் அவர் வலக்காலை அழுத்தினார்.

அங்கே பிரேக் இல்லை. கால்விரிப்பு மட்டும்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் தலையை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் வருவது இப்போது அவருக்கு அப்படித் திருப்பினால்தான் தெரியும்.

“ஒரு வான் வருது.”

“கண்டனான்.”

“மெதுவா எடும், தவம்.”

“இஞ்சேருங்கோ, வெளியில பாருங்கோவன். வயலெல்லாம் என்ன வடிவா இருக்கு.”

அவர் வயலைப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்தார்.

கால் நூற்றாண்டுக்கு மேல் பஸ் ஓட்டியவர். இந்த வீதியிலும்தான்.

ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை இங்கிலாந்துக்கே விடுமுறை. அவருக்கு மட்டும் வேலை. பிளாஸ்டிக் வாளிகள், பிள்ளைகள், நாய்கள், மடக்குக் கதிரைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரையில் இறக்குவார். பஸ்ஸைத் திருப்புவார். வந்துவிடுவார்.

கடலை அவர் ஸ்டியரிங்குக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறார்.

போன குளிர்காலத்தில் கண் டாக்டர் சொன்னார், இனி ஓட்டக்கூடாதென்று.

அதன்பிறகு அவர் எங்கும் போகவில்லை. கோயிலுக்குக்கூட. பஸ்ஸில் போகலாமே என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அவள் கார் ஓட்டப் பழகினாள். வசந்தத்தில் லைசென்ஸ் எடுத்தாள். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை.

போன கிழமை மகள் ஆரணி போன் எடுத்தாள்.

“அம்மா, ரெண்டு பேருக்கும் ஸ்பெயினுக்கு டிக்கெட் போடட்டே? வெயிலாவது இருக்கும்.”

“வேண்டாம் பிள்ளை. நாங்கள் ஹேர்ன் பே கடற்கரைக்குப் போறம். இஞ்சத்த சனம் போறமாதிரி.”

“ஆர் கார் ஓடுறது?”

“நான்.”

“நீங்களோ?” என்று ஆரணி இரண்டு தரம் கேட்டாள்.

கடல் தெரிந்ததும் மழை தொடங்கியது.

கரையோரம் கார்கள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடம். ஒடுக்கமானது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் காரை உள்ளே விட்டிருந்தாள். ஒரே திருப்பில்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாக் கார்களுக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். மழையையும் கடலையும் பார்த்துக்கொண்டு. ஒருவர்கூட ஏமாந்த முகத்தோடு இல்லை. இதற்காகத்தான் வந்தோம் என்பதுபோல் இருந்தார்கள்.

அவள் தலையில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தாள். வினிகர் மணம் காரை நிறைத்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது.

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மிளகாய்த்தூள்.

அவர் சிரித்துவிட்டார். குளிர்காலத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பக்கத்துக் காரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தேநீர்க் கோப்பையை அவரை நோக்கி உயர்த்தினாள். அவர் சிவந்த சிப்ஸ் ஒன்றை உயர்த்திக் காட்டினார்.

மழை தூறலானது.

“வாங்கோ, இறங்குவம்.”

“ஈரமா இருக்கு.”

“கடல் எண்டா ஈரமாத்தான் இருக்கும்.”

கரைக்கு இறங்கும் படியில் அவர் நின்றுவிட்டார். படிகளின் விளிம்பு அவருக்குப் பிடிபடவில்லை.

அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒரு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தோளில் அவர் கை வந்து அமர்ந்தது.

இறங்கினார்கள்.

அவர் கூழாங்கற்களின்மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸைக் கழற்றினார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். எல்லாவற்றையும் மிகவும் ஒழுங்காக, வேலைக்குப் புறப்படுகிறவரைப் போலச் செய்தார்.

தண்ணீரில் கால் வைத்தார். உடனே வெளியே இழுத்தார்.

“இவ்வளவு குளிரே! இதுக்கோ சனம் என்ர பஸ்ஸில அடிபட்டு ஏறினது?”

அவள் சிரித்தாள். தூரத்தில் நடந்துபோன நாயொன்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

அவர் மறுபடி கால் வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. முழங்கால்வரை போனார். ஓர் அலை வந்து மடிப்பையும் தாண்டி நனைத்தது. அவர் அங்கேயே நின்றார்.

திரும்பி வரும்போது ஐஸ்கிரீம் வண்டியின் வரிசையில் தானாகவே போய் நின்றார். பின்னால் நின்றவரிடம் மழையைப் பற்றிப் பேசினார். இரண்டு கோன் வாங்கி வந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசினார். இந்த பஸ் தரிப்பில் ஒரு குடிகாரன் ஏறுவான், அந்த வளைவில் மரக்கிளை மேல்தட்டில் உரசும், இந்தப் பாடசாலையடியில் பிள்ளைகள் வேண்டுமென்றே பஸ் மணியை அடிப்பார்கள்.

பிறகு பேச்சு நின்றது.

கோபமோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது.

மற்றவர் ஓட்டும் எதிலும் அவர் தூங்கியதில்லை. கொழும்புக்குப் போகும் விமானத்தில்கூட, தான்தான் பொறுப்பு என்பதுபோல் விடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

அவர்களுடைய தெரு வந்தது. வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்த இடம் இருந்தது. விடுமுறை நாளில் கிடைக்காத இடம்.

சிக்னலைப் போட்டாள்.

அந்த டிக் டிக் சத்தத்தில் அவர் தூக்கம் கலைவதுபோல் லேசாக அசைந்தார்.

அவள் சிக்னலை நிறுத்தினாள். வீட்டைக் கடந்து நேரே ஓட்டினாள்.