குலுக்கக் கூடாத குழாய்

"குலுக்காதே! அது என்ன இருமல் மருந்தா?"

நத்தை போட்ட சத்தத்தில் சிட்டுவின் கையிலிருந்த குழாய் இன்னும் அதிகமாகத்தான் ஆடியது.

"நான் குலுக்கலை மேடம். கைதான்..."

"கைக்கு என்ன வந்தது? காபி மேல காபியா குடிச்சா இப்படித்தான். குடு இங்கே."

இரண்டே விரலால் பூவைப் போல வாங்கி, பனிக்கட்டித் தட்டில் செருகினாள். அந்த ஆய்வகத்தில் அவளுக்கு நத்தை என்று பெயர் வந்ததே இந்த நிதானத்தால்தான். ஒரு சொட்டை இந்தக் குழாயிலிருந்து அந்தக் குழாய்க்கு மாற்றுவதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரத்தை ஓட்டும் சிட்டு நேர் எதிர். காலும் பறக்கும், வாயும் பறக்கும்.

இப்போது இருவருக்கும் பேச்சு வேலையோடு சரி. காரணம், நத்தையின் தம்பி. சிட்டுவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவளும் ஆசையாய்ப் பழகிவிட்டு, போன மாதம் திடீரென்று "வேண்டாம், விட்டுடுங்க" என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் வானத்துலேர்ந்து குதிச்சவ. உங்க குடும்பத்துக்கு ஒத்து வராது" என்று சிரித்தாளாம். என்ன திமிர்! அதுவரை வாய் நிறைய "அண்ணி" என்றவள், அன்று முதல் "மேடம்" என்கிறாள்.

கதவைத் திறந்து தலைமை விஞ்ஞானி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இந்தத் தடவையாவது தேறுமா? ரெண்டு தடவையும் டி.என்.ஏ. இழை தூள்தூளாப் போச்சு. பேசாம நகல் எடுத்துப் பெருக்கிட்டா சாயங்காலமே முடிச்சிடலாம்."

"நகல் எடுத்தா எழுத்து மட்டும்தான் சார் வரும். எழுத்து மேல ஒட்டியிருக்கிற மெத்தில் குறி வராது. நமக்கு வேண்டியதே அந்தக் குறிதானே?"

"சரி, இதுதான் கடைசி. வரலைன்னா 'கண்டுபிடிக்க முடியவில்லை'ன்னு எழுதிக் கொடுத்துடு. மூணு தடவை ரத்தம் வாங்கிட்டோம். இன்னும் எத்தனை தடவைதான் அந்தப் பொண்ணைக் குத்தறது?"

அவர் போனதும் சிட்டு கேட்டாள். "முடியலைன்னு எழுதிக் கொடுத்தா அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா மேடம்?"

"என்ன பண்ணுவா? ஆயுசு பூரா கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துப்பா."

பெயரில்லாமல், வெறும் எண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரத்தம் அது. அந்தப் பெண்ணின் மரபணு ஒன்றில் ஒரு பிழை. அப்பாவிடமிருந்து வந்ததென்றால் கழுத்தில் கட்டிமேல் கட்டியாக முளைக்கும். அம்மாவிடமிருந்து வந்ததென்றால் அதே பிழை கும்பகர்ணனாய்த் தூங்கிவிடும். பெற்றவர்களைச் சோதித்தால் போதும். ஆனால் பிறந்த அன்றே அவளை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போனவர்களை எங்கே போய்த் தேடுவது?

மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த இழை. அம்மா தந்த இழையில் ஓரிடத்தில் மெத்தில் குறிகள் இருக்கும். அப்பா தந்ததில் இருக்காது. பிழை ஒரு கோடி, குறி மறுகோடி. நடுவில் அறுந்தால் சாட்சி ஊமை.

நத்தை சொட்டு உறிஞ்சும் பிப்பெட்டில், இழை அறுபடாமலிருக்க, வாய் அகன்ற முனையை மாட்டினாள். இழையை வெட்டும் நொதிகளான நுண்கத்தரிகளை உள்ளே விட்டு, வேண்டிய துண்டின் இரண்டு பக்கமும் வெட்ட வைத்தாள். வெட்டிய நுனிகளில், இயந்திரம் பிடித்து இழுக்க, கொக்கி போட்டாள். மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

"மேடம், இந்த நேரத்துக்கு ஒரு குழந்தையைப் பெத்து ஸ்கூல்லயே சேர்த்திருக்கலாம்."

"கல்யாணத்துக்கே மாட்டேன்னு சொன்ன வாய், குழந்தையைப் பத்திப் பேசுதா?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொட்டு உள்ளே இறங்கியது. திரையில் கோடுகள் முளைத்தன. போன இரண்டு தடவையும் தூறல் மாதிரி பொடிப்பொடியாய் விழுந்தவை, இன்று சரக்கு ரயில் போல முடிவில்லாமல் நீண்டன.

"அறுபடலை! ஒண்ணுகூட அறுபடலை!" நத்தை நாற்காலியிலிருந்து துள்ளினாள். "குறியைப் பாரு, சீக்கிரம்!"

"நீங்களே பாருங்க மேடம். எனக்குக் கண்ணுல ஏதோ தூசி."

"நல்ல நேரம் பார்த்தே!" அவளைத் தள்ளிவிட்டு நத்தை திரையில் மூக்கை ஒட்டினாள். பிழை இல்லாத இழைகளில் குறியே இல்லை. பிழை இருந்த இழைகளில்... விரலை வைத்து மறுகோடி வரை நகர்த்தினாள். ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாய் மெத்தில் குறிகள்!

"அம்மா! அம்மா கொடுத்ததுதான்! பிழை தூங்குது!"

தலைமை விஞ்ஞானி ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். "நத்தைன்னு கிண்டல் பண்ணின வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கறேன்!" என்று கைதட்டினார்.

நத்தை சிட்டுவின் தோளைத் தட்டினாள். "ஏய், ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு அந்தப் பொண்ணுக்குச் சொல்லச் சொல்லு. பாவம், எந்த மூலையில உக்காந்து தவிச்சுக்கிட்டிருக்காளோ."

சிட்டு போனைத் தொடவில்லை. வெள்ளைக் கோட்டின் கையை மெதுவாகச் சுருட்டினாள். முழங்கை மடிப்பில் மூன்று ஊசித் தடங்கள்; புதியதன் மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி.

"அவளுக்குத் தெரிஞ்சாச்சு. இனி உங்க தம்பிக்குத்தான் சொல்லணும், அண்ணி!"